முறைப்பாசனம்

பதினெட்டு, பத்தொன்பது, இருபது.
இருட்டில் எண்ணிக்கொண்டே கிடப்பேன்.
குறட்டை நின்றால் நிம்மதி என்பாள் பக்கத்து வீட்டு ஜெயக்கொடி.
நின்றால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.
முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.
தோளில் ஒரு குத்து.
துருப்பிடித்த ஷட்டர் ஏறும் சத்தத்தோடு
மூச்சு வரும்.

வைரக்கண்ணு பொதுப்பணித் துறையில் லஸ்கர்.
கோரையாற்றுத் தலைப்பில் திருகு சுற்றிக் கதவு ஏற்றுகிறவர்.
ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு,
முறை மாறினால் ஊரே சண்டைக்கு வரும்.
அவர் தொண்டைக்கு மட்டும் முறை வைக்க ஆளில்லை.
பட்டப்பகலில் ஷட்டர் மேடையில் உட்கார்ந்தபடி தூங்கி
ஒருநாள் செருப்பு ஆற்றோடு போனது.
செருப்போடு விட்டதே என்று
தஞ்சாவூருக்கு பஸ் ஏறினோம்.

தலையெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி.
மறுநாள் தாளை விரித்து
பேனா முனையால் காட்டினார் டாக்டரம்மா:
மணிக்கு நாற்பத்தேழு தடவை அடைப்பு.
இது லேசான தூக்கம். இது ஆழம், எட்டவே இல்லை.
இது கனவு வரும் நேரம்,
அப்போது கை கால் துவண்டுவிடும்,
தொண்டைச் சதையும்தான்.
அங்கேதான் நீளமாக அடைக்கிறது.
"கனவு கண்டு எத்தனை வருஷம் இருக்கும்?"
அவர் என்னைப் பார்த்தார்,
ரேஷன் கார்டை எங்கே வைத்தாய் என்று கேட்கிற முகத்தோடு.

மெஷின் தவணையில் வந்தது.
மூக்கில் கவசம், பின்மண்டையில் வார்.
யானை வேஷம் என்று சிரித்தான் பையன்.
காற்று உள்ளே போய்
சரிகிற சதையைத் தாங்கி நிற்குமாம்,
உடையப்போகும் கரைக்கு
மூங்கில் முட்டுக்கொடுப்பதுபோல.

முதல் ராத்திரி
எண்ண ஆரம்பித்தேன். எண்ண ஒன்றுமில்லை.
ஓட்டில் பல்லி நடப்பதுகூடக் கேட்டது.
இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது,
கவசத்தைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.
வந்ததும் மறுபடி மாட்டிவிட்டேன்.
விடிவதற்குச் சற்று முன்னால்
மூடிய இமைக்குள் என்னமோ ஓடியது,
மடை திறந்ததும் கெண்டைக்குஞ்சு ஓடுமே, அப்படி.
முதல் சில நாள் பழைய பாக்கியெல்லாம்
சேர்ந்து வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

பல் துலக்குவதற்குள் ஆரம்பித்துவிட்டார்:
ஆடு ஒன்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதாம்.
தலைப்பில் தண்ணீருக்குப் பதில் நெல் ஓடியதாம்,
அதை அடைக்க ஷட்டர் போதவில்லையாம்.

நான் வந்தேனா?
வந்தே.
என்ன செஞ்சேன்?
தூங்கிக்கிட்டு இருந்தே.