டெல் என்னும் வினை

விளக்கறையின் சன்னல் சின்னது.
ஒரு கை உள்ளே வரும், ஒரு விளக்கு வெளியே போகும்.
கையைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்
செப்டிமஸ் ஹெட்லி:
இரண்டு விரல் குறைந்தது ராப் கிளெமிட்சன்,
நகம் கடித்துத் தீர்த்தது
ஸ்டோப்ஸ் வீட்டு இளையவன்.

ஆளுக்கொரு பித்தளை வில்லை, எண் பொறித்தது.
இறங்கும்போது தருவார்கள்,
வாங்கி ஆணியில் மாட்டுவார்.
ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்துவிட்டு
வில்லையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.
ஆக, ஆணியில் வில்லை தொங்கினால்
ஆள் பூமிக்குள்.
இதில் தத்துவம் ஒன்றுமில்லை.
டர்ஹாம் பக்கத்தில் ஆல்டர்ஷீல் என்றொரு நிலக்கரிக் குழி,
அதன் அன்றாடக் கணக்கு, அவ்வளவே.

டெல் என்றால் சொல்.
பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.
அகராதிக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினால்
காற்று கனக்கிறது, வெளிச்சம் மங்குகிறது,
அங்கே பழைய ஆங்கிலத்தில் அதே சொல்
குனிந்து உட்கார்ந்து
எண்ணிக்கொண்டிருக்கிறது.
ஆடுகளை, காசுகளை, நாட்களை.
வங்கியில் நோட்டு எண்ணுபவர் டெல்லர்.
பாராளுமன்றத்தில் வாக்கை எண்ணுபவரும் டெல்லர்தான்,
அவர் வாய் திறப்பதே தொகையைச் சொல்ல.
ஜெபமாலையின் மணிகளை ஒவ்வொன்றாக நகர்த்தவும்
இந்த வினையைத்தான் கூப்பிட்டார்கள்.

நமக்கென்ன,
விரல் எண்ணுவதும் மனம் எண்ணுவதும்
ஒரே சொல்லில் குடித்தனம் நடத்தவில்லையா.

நவம்பர். விடிய ஒரு மணி நேரம்.
முதலில் சத்தமில்லை.
மேசைமேல் தேநீரில் ஒரு வளையம்.
பிறகு சன்னல் கண்ணாடி முழுவதும்
அவர் மடியில்.

தப்பியவர்கள் கூண்டில் வந்தார்கள், பத்துப் பத்தாக.
கரி அப்பிய கைகள்; அன்றைக்கு
எந்தக் கையும் அடையாளம் தெரியவில்லை.
எண்ணைக் கேட்டுக் கேட்டு வில்லையைக் கொடுத்தார்.
ஒன்பது மணிக்குமேல் கூண்டு காலியாக வந்தது.
அப்போதுதான் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

எண்ணினார்.
ஆணி ஆணியாகத் தொட்டு மறுபடி எண்ணினார்.
மூன்றாம் முறை வலமிருந்து இடமாக,
ஏதாவது குறையும் என்பதுபோல.

மேலாளர் வாட்டர்ஹவுஸ் வந்து கதவைச் சாத்தினார்.
வெளியே வாயில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு
பெண்கள், மாவு காயாத கைகளோடு.
"எண்ணி வை, ஹெட்லி.
முதலாளி நியூகாசிலிலிருந்து வரும்வரை
யாரிடமும் சொல்லாதே."

எண்ணு, ஆனால் சொல்லாதே.
ஆயிரம் வருஷம் முந்திய ஆங்கிலத்தில்
இந்தக் கட்டளையைப் போட்டிருந்தால்
வாக்கியம் தன் காலில் தானே
தடுக்கி விழுந்திருக்கும்.
வாட்டர்ஹவுஸுக்கு அது தெரியாது.
ஹெட்லிக்கும் தெரியாது.
அவர் படித்ததெல்லாம் எண்கள்தான்.

ஆனால் கண்ணாடி இல்லாத சன்னலைச்
சாத்துவது எப்படி?
ஒரு கை உள்ளே வந்தது.
இதுவரை பார்த்திராத கை, சோப்பு அரித்த முட்டிகள்.
"நூற்றுப் பதினேழு," என்றது குரல்.
சட்டைப் பையைத் துவைக்குமுன்
ஒவ்வொரு வாரமும் எடுத்து வைத்த எண்,
அவளுக்கு மனப்பாடம்.

ஹெட்லி மேலாளரைப் பார்க்கவில்லை.
ஆணியிலிருந்து எடுத்தார்.
உள்ளங்கையில் வைத்தார்.
விரல்களை அவரே மடக்கிவிட்டார்.
அடுத்த கை.
அறுபத்துநான்கு.
அடுத்தது, இருபத்தொன்றும் இருபத்திரண்டும்,
அண்ணன் தம்பி.
ஐம்பத்தொன்பது கேட்டவளுக்கு ஆணி காலி:
"அவன் வீட்டுக்கு வந்துகொண்டிருப்பான், ஓடு."
அவள் ஓடவில்லை. பக்கத்தில் நின்றவளைப்
பிடித்துக்கொள்ள அங்கேயே நின்றாள்.

வசந்தத்தில் விசாரணை.
மரண விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்தபடி,
"அன்று காலை நடந்ததைச் சொல்லுங்கள்," என்றார்.
டெல் என்றுதான் கேட்டார்.

"முப்பத்தெட்டு."

"அதில்லை, மிஸ்டர் ஹெட்லி.
உங்கள் சொந்தச் சொற்களில்."

தொப்பியின் விளிம்பை
விரல் விரலாக நகர்த்தி ஒரு சுற்று வந்தார்.

"முப்பத்தெட்டு, ஐயா."