சிக்கந்தரின் வண்டி

ஏதென்சுக்கு விசா கிடைக்கவில்லை.
டெல்ஃபிக்கும் மெட்டியோராவுக்கும் போகவர
வாடகை வண்டிக்குக் கட்டிய முன்பணமும் போயிற்று.
காரணம் ஒரே வரி:
திரும்பிப் போவார் என்று நம்புவதற்கில்லை.

சிக்கந்தர் அதை நாலாய் மடித்து
டூல் பாக்ஸில் பழைய ஸ்பார்க் பிளக்கோடு போட்டான்.
"ஏறு."

மாட்டுத்தாவணியில் பூ லாரிகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.
மேலூர் சாலையை விட்டு அரிட்டாபட்டிக்குத் திரும்பினால்
பாறை, பாறை,
பிறகு வாத்து மேயும் ஒரு கண்மாய்.

குகைக்குள் கல்படுக்கை.
பூட்ஸைக் கழற்றிவிட்டு நீட்டிப் படுத்தேன்.
முதுகுக்குள் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
மேல் விளிம்பில் பிராமி எழுத்து, நமக்கு எங்கே படிக்கத் தெரியும்?
வெட்டிக் கொடுத்தவன் பெயராம்.
படுத்தவன் எந்த ஊர் என்று இல்லை.
"இவங்ககிட்ட யாரும் கேக்கலியா,
எப்பத் திரும்பிப் போவீங்கன்னு?"
சிக்கந்தர் சிரிக்கவில்லை.
சாவியை மட்டும் விரலில் சுற்றினான்.

நத்தம் வழியாகச் சிறுமலை.
பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள்.
ஐந்தாவதில் வாழைத்தார் வேனுக்கு ஒதுங்கி
மண்ணில் சறுக்கி, காலூன்றித் தப்பித்தோம்.
எட்டில் குளிர்ந்தது.
பன்னிரண்டில் கிளட்ச் கேபிள் அறுந்தது.

அவன் குந்தி உட்கார்ந்து மாற்ற,
நான் டார்ச் பிடித்தபடி சொன்னேன்:
"உன் பேர்க்காரன் ஒருத்தன்
கிரேக்கத்துல இருந்து கிளம்பி
பஞ்சாப் ஆத்தங்கரை வரைக்கும் வந்தான்.
அங்கேயே திரும்பிட்டான்."

"கேபிள் அறுந்திருக்கும்," என்றான்
வயரைப் பல்லில் கடித்துக்கொண்டே.

இன்னும் ஆறு வளைவு.