தன்மை ஒருமை

அவர் ‘மைன்’ என்பார், நான் ‘நான்’ என்பேன்.
மூன்று மக்களவைகளாக இப்படித்தான்.
மாடிக் கண்ணாடிக் கூண்டில், காதை அடைத்துக்கொண்டு,
மாண்புமிகு கிருபாநாத் தேஸ்வாலின் தமிழ் வாய் நான்.
எள் என்றால் எண்ணெயாக நிற்க வேண்டிய வேலை.
எனக்கும் அவருக்கும் இடையே இரண்டு நொடி.
அதில்தான் மூச்சு விட்டுக்கொள்வேன்.

முதல் தடவை மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்.
பெட்ரோல் ஐந்து ரூபாய் ஏறியிருந்தது.
‘ஏழையின் அடுப்பில் கை வைக்காதே’ என்று கத்தினார்;
கூண்டுக்குள் நானும் கத்தினேன், விதிப்படி பாதிக் குரலில்.
அடுத்த தடவை ஆளுங்கட்சி வரிசை.
சுத்திகரிப்பு ஆலை அவர் தொகுதிக்கு வந்தது.
‘எண்ணெயே தேசத்தின் ரத்தம்’ என்றோம்.
என்றோம் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

இன்று மழைக்காலக் கூட்டத்தொடரின் ஒன்பதாம் நாள்.
பத்துச் சொட்டில் எட்டுக்கு மேல் கடல் கடந்து வருகிறது,
இந்தக் கழுத்துக் கயிற்றை அறுக்க வேண்டும் என்கிறார்.
கூரைதோறும் சூரியன் என்கிறார்.
சூரியன் என்று தமிழில் சொல்ல முடியாது.
சொன்னால் ஒரு வரிசை மேசையைத் தட்டும்,
இன்னொரு வரிசை எழுந்து நிற்கும்.
‘வெயில்’ என்கிறேன்.
வெயிலை இன்னும் யாரும் சின்னமாகக் கேட்கவில்லை.

பிறகு எதிர்வரிசையைப் பார்த்துச் சிரித்தபடி:
‘இன் திலோன் மே தேல் நஹீன்.’
இந்த எள்ளில் எண்ணெய் இல்லை.
ஒன்றும் தேறாது என்று பொருள்; அப்படியே சொல்லியிருக்கலாம்.
ஆனால் எள்ளும் நெய்யும் சேர்ந்துதான் நம் சொல்லே.
பாலைவனத்துக்கு அடியில் கிடக்கும் கறுப்புக்கும்
செக்கில் ஆடிய எள்ளின் பெயரையே வைத்திருக்கிறோம்.
‘எள்ளு காயுது எண்ணெய்க்கு’ என்று வந்துவிட்டது வாயில்.
மீதியை விழுங்கினேன்.
தமிழ் உறுப்பினர்கள் மூவர் அதைத் தாமே முடித்துக்கொண்டு
அவை சிரித்து ஓய்ந்த பிறகு தனியாகச் சிரித்தார்கள்.

கூடவே காய்கிறவன் என் தம்பி தனசீலன்.
ருவைஸில், குழாய்களுக்கு நடுவே, இரவு ஷிப்ட்.
மயூர் விஹார் வீட்டுக் கடனில் பாதி அவன் கட்டுவது.
போன தீபாவளிக்கு வாங்கிய மின்சார ஸ்கூட்டரும்
அவன் அனுப்பிய கச்சா எண்ணெய்தான்.

தேஸ்வால் தாளைக் கீழே வைத்தார்.
எழுதிக் கொடுக்காததைச் சொல்லப் போகிறார் என்பது
கூண்டில் இருப்பவர்களுக்கு முதலில் தெரிந்துவிடும்.
‘மைன் கலத் தா.’
இந்தியில் அது ஓர் ஆணின் தவறு. வினைக்கே மீசை உண்டு.
தமிழில் அந்த வசதி கிடையாது.
‘நான் தவறு செய்துவிட்டேன்’ என்றேன்
மூன்று பேர் காதில், என் குரலில்.
‘ரெண்டே வருஷம்டா, போயிட்டு வா’ என்று
பதினோரு வருடத்துக்கு முன் விமான நிலையத்தில் சொன்னவள்
தொண்டையில் வந்து நின்றாள்.

அவையில் ஒருவரும் மேசையைத் தட்டவில்லை. நான்கு நொடி.
மௌனத்தை எப்படிப் பெயர்ப்பது என்று
பயிற்சியில் சொல்லித்தரவில்லை. இருமினேன்.
பிறகு தாளை எடுத்தார். ‘லேகின்’ என்றார்.
தொகுதி ஆலையின் இரண்டாம் கட்டத்துக்கு
ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது என்றார்.
லேகினுக்குத் தமிழில் பஞ்சமில்லை:
ஆனால், எனினும், என்றாலும்.
‘இருந்தாலும்’ எடுத்துக்கொண்டேன். எல்லாம் இருக்கத்தானே செய்கிறது.

ஆறு மணிக்கு மிண்டோ பாலத்தடியில் முழங்கால் தண்ணீர்.
ஓரமாக நிற்கிறேன், பேட்டரி முப்பத்தொரு சதவீதம்.
ஒரு தண்ணீர் லாரி புகையோடு நீந்திப் போகிறது.
அலைபேசியில் தம்பி: ‘இங்க வெயில் நாப்பத்தொம்பது.
அங்க எப்படிக்கா?’
‘நான்’ என்று அடித்தேன்.
முன்னால் யாரும் பேசவில்லை, பின்தொடர ஒன்றுமில்லை.
ஈரத் திரையில் அடுத்த எழுத்து பதியவில்லை.