அறுபது சதவீதம்

திங்கள் முதல் ஞாயிறு வரை
ஏழு மேகப் படம், ஐந்தில் மின்னல்.
கார்த்திகை பிறந்தால்
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கோடை.

மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்ததும்
பூபாலன் ஓடுகிறார்,
தவணை முடியாத டொயோட்டாவுக்கு
என் கல்யாணக் கம்பளியைப் போர்த்த.
அந்தக் கைகள் அத்தனை மெதுவாய் நகர்ந்து
நான் பார்த்ததில்லை.

செவ்வாய் வெறும் தூறல்.
புதன் இடி மட்டும்; எதிர்வீட்டு நாய்
எங்கள் கட்டிலுக்கடியில்.
வியாழன் அறுபது சதவீதம் என்றார்கள்,
சுள்ளென்று வெயில்.
கம்பளியைத் துவைத்துப் போட்டேன்.

வெள்ளியின் படத்தில் மின்னலே இல்லை.
கோலிக்குண்டாய்த் தகரத்தில் ஆலங்கட்டி இறங்கியபோது
அவரும் காரும் டர்பனில்.
கொடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவந்தேன்.

போன் அடித்தது.
"கம்பளி நனைந்துவிட்டதா?"

நனைந்துவிட்டது என்றேன்,
கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு.