கழித்த கல்

வீ எழுத்துக்கு வலம் இடம் கிடையாது.
ஆர் அப்படியல்ல.
நல்லான் ஓடாவி கடுதாசியில் கண்டதைக்
கண்டபடியே பலகையில் செதுக்கினான், பிசகாமல்.
அச்சைக் கவிழ்த்தபோது
வீ பின்னுக்குப் போனது,
ஆர் கால் மாறி நின்றது.
கீழே ஆண்டு 1881.
அதை மட்டும் எவராலும் புரட்ட முடியவில்லை.

ஒன்பதாயிரம் கல். ஒரு சூளை முழுக்க.
துரை குதிரையால் இறங்கவில்லை,
தலையை ஒருக்காச் சரித்துப் பார்த்தார்.
ராணியின் எழுத்து
அப்படியும் நேராகவில்லை.
கல் வெந்தது, எழுத்து வேகவில்லை என்று
கிளாக்கர் அலோசியஸ் எழுதியிருக்கலாம்.
எழுதியது: கழிவு.

அன்றிரவு முந்தனை ஆற்று வளைவில்
விளக்கில்லாமல் வண்டிகள் வந்தன.
கதிராமப்போடியின் கிணறு.
ஏறாவூர்ப் பள்ளி ஹவுழின் உட்சுவர்.
மண் மிதித்த பெண்களுக்குக்
கூலிக்குப் பதில் ஆளுக்கு முந்நூறு
(அதிலும் நாற்பது பாக்கி,
தர வேண்டியவர் கப்பலேறிவிட்டார்).

எழுத்துச் சரியான கல்லெல்லாம்
பாலத்துக்குப் போயின, வாடிவீட்டுக்குப் போயின.
பாலத்தின் பாதியை வெள்ளம் கொண்டுபோனது,
மீதியை ஒரு சத்தம்.
வாடிவீட்டில் மாறி மாறி ஆட்கள் இருந்தார்கள்,
ஒவ்வொருவரும் சுவரில் துளை போட்டார்கள்
துவக்கு நீட்ட.
பிறகு சுவரே துளையாயிற்று.

போன மாசம் திணைக்களத்திலிருந்து ரிஸ்மியா வந்தாள்.
செங்கலடிக்கு மேற்கே, நாயுண்ணிப் பற்றைக்குள்
சூளை வாயை நாடா பிடித்து அளந்தாள்.
உள்ளேயிருந்த உடும்பு
அளந்து முடியும் வரை அசையவில்லை.
பலகை நடப்போகிறார்களாம், மூன்று மொழியில்.
படத்துக்கு ஒரு கல் வேண்டும்,
எழுத்துள்ளதாக.

நான் கிணறு இறைக்கிறவன்.
கயிற்றில் இறங்கி ஐந்து முழத்தில் நின்று
பாசியைச் சுரண்டினேன்.
காலை மறுபக்கம் நீட்டிக்கொண்டு
ஆர்.
பக்கத்தில் ஒரு தவளை.

போனை எடுத்தேன். முகம் பார்க்கும் கமெராவைத்
தவறுதலாகத் தட்டிவிட்டேன்.
திரையில் என் காது, அதற்குப் பின்னால் கல்,
கல்லில் எழுத்து
வாசிக்கக்கூடியதாக,
துரை கேட்ட மாதிரியே.
அமுக்கினேன்.
பதிந்த படத்தில் மறுபடியும் கால் மாறிவிட்டது.

மேலேயிருந்து ரிஸ்மியா கேட்டாள்,
"சரியா வந்திருக்கா?"

"வருசம் சரி" என்றேன்.
கிணறு அதை இரண்டு தரம் சொன்னது.