பதினெட்டுக் குதிரைக்கு ஓர் இடம்

தென்னைக்கும் தென்னைக்கும் நடுவே
நுழைந்து திரும்புமா என்று
தோப்பைத்தான் அளந்தோம் வாங்கும்போது.
கேட்டைத் திறந்து
உள்ளே வந்த பிறகுதான் உறைத்தது,
வேலை இல்லாத நேரத்தில்
அது எங்கே நிற்கும் என்று
யாருமே யோசிக்கவில்லை.

மானியத்துக்காக என் பெயரில் எடுத்த வண்டி.
அதனால் கவலையும் என் பெயரில்.

முதல் ராத்திரி தென்னைக்கு அடியில்.
விடிவதற்குள் ஒரு நெற்று விழுந்து
பானட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி.
முதல் தவணைக்கே
இன்னும் இருபத்திமூன்று நாள் இருந்தது.

பிறகு கிணற்று மேட்டில், வேம்புக்குக் கீழே.
"கடல் எவ்வளவு தூரம்?" என்றார்
உச்சிப்புளி மெக்கானிக் சகுபர்.
கூப்பிடு தூரம் என்றேன்.
"உப்புக்குக் காது நல்லாக் கேக்கும்மா."

சோளகம் அடித்தால் ஒரு பக்கம் துரு,
வாடை அடித்தால் மறுபக்கம்.
கச்சான் காலத்தில்
மணலே கிளம்பி வந்து
ஏர் ஃபில்டருக்குள் குடியிருக்கும்.
தார்ப்பாய் போட்டு மூடினாலோ
உள்ளுக்குள்ளேயே வேர்த்துக்கொள்கிறது.

ஆட்டுக் கொட்டகையில் விட்டோம்.
ஆடுகள் ஒதுங்கி இடம் கொடுத்தன.
எலிகள் கொடுக்கவில்லை.
கடித்த ஒயரில் மிச்சமானது
இடப்பக்க இண்டிகேட்டர் மட்டும்.

அடுப்படிப் பின்சுவரை ஒட்டி நிறுத்தியபோது
நகரைக் குழம்பில் டீசல் மணக்கிறது என்று
தட்டைத் தள்ளினாள் கோபிகா.

நம்புவேல் டேப்பை எடுத்தார்.
வண்டி மூன்றே முக்கால் அடி.
எங்கள் வாசல் மூன்றே கால்.
"அரையடிதான்" என்று
நிலையை அவர் பார்த்த பார்வையில்
நான் குறுக்கே போய் நின்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம்
கொழுந்தன் களஞ்சியத்தின் வீடு.
தளம் போட்டாயிற்று, பூச்சு இல்லை,
நிலை வைக்காத வாசல்
ஆறடிக்குத் திறந்து கிடக்கிறது.
மஸ்கட்டிலிருந்து பணம் வரும் வரும் என்று
மூன்று வருடமாய் மேலே
கம்பிகள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன.
பங்கு பிரித்ததில்
ஓர ஆறு தென்னை யாருக்கு என்ற பேச்சில்
அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டார்கள்.

"அங்க வேண்டாம்" என்றார் இவர்.
நான் இன்னும் வாயையே திறக்கவில்லை.

பாம்பனில் கூண்டு ஏற்றிய ராத்திரி
கொட்டகைத் தகரம் ஒன்று
ஆடுகளின் தலைக்கு மேலே பறந்து போனது.
உரம் வாங்க ராமநாதபுரம் போனவர்
பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்.
நைட்டிக்கு மேல் அவர் சட்டையை மாட்டி
பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு
சாவியைத் திருப்பினேன்.
இருமியது. மறுபடி திருப்ப, பிடித்தது.
முதல் கியரில், ஈர மணலில்,
வேலிப் படலை மிதித்துக்கொண்டு போனேன்.
நல்லவேளை, திரும்ப வேண்டியதும்
இடப்பக்கம்தான்.

கொழுந்தன் வீட்டு ஹாலுக்குள்
வண்டியை அணைத்த பிறகு கேட்டேன்:
மழை வெளியே இருந்தது.

விடிந்ததும் யாரோ சொல்லிவிட்டார்கள்.
மஸ்கட்டிலிருந்து வீடியோ கால்.
"காட்டுங்க மதினி."
வண்டியைக் காட்டினேன்.
"வண்டிய இல்ல."

சுவரைக் காட்டினேன்.
கல்லாய் இறுகிப்போன இரண்டு சிமெண்ட் மூட்டை,
சன்னல் வைக்காத சன்னல்,
அதில் சாய்ந்து கிடந்த தென்னைகள்,
அதற்கும் பின்னால்
கலங்கிய கோடாய்க் கடல்.
அங்கேயே பிடிக்கச் சொன்னான்.
கை வலிக்கும்வரை பிடித்தேன்.

"பால் காய்ச்சிட்டீங்களா?"
கேலியா கோபமா, முகம் பிசிறிப் பிசிறி வந்தது.
சீட்டிலேயே உட்கார்ந்து டீ குடித்தேன் என்றேன்,
அதில் பால் உண்டு.

"தரையில ஆயில் சொட்டுது பாருங்க."
சாக்குப் போடுகிறேன் என்றேன்.
"அந்த எடத்துக்குக் கறுப்பு டைல்ஸ்
போட்டுக்கிறலாம்" என்றான்,
லைன் போய்விட்டது.

மத்தியானம் வந்தார் நம்புவேல்.
மிதிபட்ட படலைப் பார்த்தார்,
டயர்த் தடத்தோடு நடந்து
நிலையில்லாத வாசலில் நின்றார்.
திட்டுவதற்கு வாயெடுத்தவர்
வேறொன்றைக் கேட்டார்:
"ஹேண்ட் பிரேக் போட்டியா?"

போட்டிருந்தேன்.
இல்லை என்றேன்.

செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு
உள்ளே போனார்.