பாதி வெட்டு

செவ்வாய்க்கிழமை மரியசீலனின் சலூன் பூட்டு.
பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.
பின்னேரம் நாலரைக்கு
இரும்புக் கதவைப் பாதி மட்டும் தூக்கி வைப்பார்.
அதுவும் கிறீச்சிடக் கூடாதென்று
இரண்டு ஓரத்துக்கும் மெழுகுதிரி தேய்த்திருப்பார்.

யதுர்ஷனுக்கு ஒன்பது வயது.
இத்தனை வருடமும் அவன் தலைமயிரை
நித்திரையில்தான் வெட்டினோம்.
அவர் டோர்ச் பிடிப்பார், கத்தரிக்கோல் என் கையில்.
தலையணையில் பதிந்த பக்கம் எப்போதும் தப்பிவிடும்.
கோணல் தலையோடு பஸ் ஏறினால்
யாராவது ஒருத்தி கேட்பாள்,
"தாயில்லாத பிள்ளையோ?"
அவன் கையைப் பிடித்திருப்பவள் நான்.

ரிஸ்னாதான் இதைத் தொடங்கினாள்.
வியாழக்கிழமைகளில் சேர்ச் மண்டபத்தில்
எங்கள் பிள்ளைகளோடு பாய் விரித்து உட்காருகிறவள்.
கொட்டாஞ்சேனையில் ஏழு சலூன் ஏறி இறங்கினாள்.
ஒருவர், காசே வேண்டாம்,
நாலு பேர் பிடித்தால் வெட்டிவிடலாம் என்றார்.
ஒருவர் கலண்டர் தந்து அனுப்பினார்.
மரியசீலன் மட்டும்
"எந்தச் சத்தம் அவருக்கு ஒத்துவராது?" என்று கேட்டு
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்:
மெஷின். ரேடியோ. ஸ்ப்ரே.
பக்கத்துக் கடைக் கொம்ப்ரசர்.

கொம்ப்ரசர் நிஸாமுடையது, டயர்க்கடை.
"அரை மணித்தியாலமா?
லொறிக்காரனுக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?"
கேட்டுவிட்டு நாலு மணிக்கே நிறுத்தி
பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார்.
கோயில் மணியை நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.
ஐந்துக்கு அது அடிக்கத்தான் செய்யும்.

முதல் செவ்வாய் வாசற்படியோடு சரி.
இரண்டாவது செவ்வாய்
கதிரையின் காலை மட்டும் தொட்டுப் பார்த்தான்.
மூன்றாவது கிழமை நிஸாம் மறந்துபோனார்.
கொம்ப்ரசர் உறும, இவன் காதைப் பொத்திக்கொண்டு
தெருவுக்குப் பாய்ந்தான்.
ஸ்டாண்டில் நின்ற உபுல்
த்ரீவீலைக் குறுக்கே போட்டார்.
பஸ்காரன் ஏசிய ஏச்சு மூன்று மொழியிலும் இருந்தது.
நிஸாம் மன்னிப்புக் கேட்கவில்லை.
அடுத்த கிழமை அவருடைய சுவிட்சுக்கு மேலே
சோக்கால் எழுதியிருந்தது:
செவ்வாய். தம்பி.

ஆறாவது செவ்வாய் ஏறி உட்கார்ந்தான்.
கண்ணாடிக்குப் பழைய பெட்ஷீட் போட்டிருந்தது.
அவனுக்கு எதுவும் போர்த்தவில்லை,
மயிர் சட்டையில் விழட்டும்.
கத்தரிக்கோலின் சத்தத்தை
முதலில் தன் காதருகே காட்டினார் மரியசீலன்,
பிறகு காற்றில்,
பிறகு அவன் தலையில்.
ஒரு வெட்டுக்கு ஒரு பஸ் நம்பர்.
இது ரிஸ்னா சொல்லிக் கொடுத்ததல்ல,
அவராகவே கண்டுபிடித்தது.

"நூற்றியொன்று, மொரட்டுவை."
க்ளிக்.
"நூற்றைம்பத்தைந்து, மட்டக்குளி."
க்ளிக்.
"நூற்றறுபத்தெட்டு, மஹரகம."

"நுகேகொட," என்றான் என் பிள்ளை
பெட்ஷீட்டைப் பார்த்தபடி.
"நூற்றறுபத்தெட்டு நுகேகொட."

வெளியாள் ஒருவருக்கு அவன் சொன்ன முதல் சொல்
ஒரு திருத்தம்.
"மன்னிக்கணும் சேர்," என்றார் மரியசீலன்,
மெய்யாகவே பிழைவிட்டவர் போல.
வேண்டுமென்றே சொன்னாரா,
இன்றுவரை நான் கேட்கவில்லை.

வலது பக்கம் முடியவும் மணி அடித்தது.
இறங்கிவிட்டான். இனி ஏறமாட்டான்.
முழுக் காசை நீட்டினேன்.
பாதியை எண்ணித் திருப்பித் தந்தார்.
"பாதி வெட்டுக்குப் பாதிக் காசு."
தருமம் செய்தவர் முகம் இல்லை அது.
வியாபாரம் செய்தவர் முகம்.
எனக்கு அது பிடித்தது.

தொப்பி கொண்டு போயிருந்தேன்.
பையிலேயே கிடந்தது.
ஒரு பக்கம் வெட்டு, ஒரு பக்கம் பற்றை,
பஸ் தரிப்பில் நின்று
வருகிற நம்பரையெல்லாம் உரத்து வாசித்தான்.
பக்கத்தில் நின்றவள் அவன் தலையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
"என்ன, அரைவாசியில விட்டிருக்கு?"

"மீதி வாற செவ்வாய்," என்றேன்.